உள்ளங்கையில் உப்பு

மாலதிக்குக் கை வியர்க்கும். வெயிலில் நடந்தால், காய்ச்சல் விட்டால் எல்லோருக்கும் வியர்ப்பது போல அல்ல. மார்கழிக் காலையில் உடம்பு நடுங்கும்போதும் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் நீர் கோத்து நிற்கும். விரல்களைத் தொங்கவிட்டால் நுனியில் சொட்டு திரண்டு விழும். குறிஞ்சிப்பாடிப் பள்ளியில் அவளோடு கைகோத்து விளையாட யாரும் வரமாட்டார்கள். வந்தவர்கள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே போவார்கள். "ஏ கொழா, மூடிக்கடி" என்பார்கள். குழாய் என்ற அந்தப் பட்டப்பெயர் பன்னிரண்டாம் வகுப்பு வரை கூடவே வந்தது.

2004ஆம் ஆண்டு அந்த வகுப்பின் தேர்வை அவள் கைக்கடியில் கைக்குட்டை வைத்து எழுதினாள். கைக்குட்டை நனைந்ததும் துப்பட்டா. அதுவும் நனைந்ததும் தாளே நனைந்தது. தேறிவிட்டாள். ஆசிரியர் பயிற்சிக்கு மதிப்பெண் போதவில்லை. ஊறிக் கிழிந்த பக்கங்களைத் திருத்தியவருக்கு அவை வெறும் அலங்கோலமான பக்கங்கள், அவ்வளவுதான்.

தாய் மங்கலம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்தாள். கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் கை கறுத்துத் தோலுரிந்து காய்ந்திருக்கும். கணவன் அய்யனார், மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டான். மகளின் கைக்காக மங்கலம் வேப்பிலை அடித்தாள், தாயத்துக் கட்டினாள். ஊர் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார். மந்திரித்தவன் பயம் என்றான். டாக்டரும் கடைசியில், "பயப்படாம இரும்மா, சரியாப் போயிரும்" என்றார். இருவருக்கும் வேறுபாடு ஊசி மட்டும்தான்.

மறு ஆண்டு மாலதிக்குச் சிதம்பரத்தில் தில்லைநாதனின் கவரிங் கடையில் வேலை கிடைத்தது. செம்பில் செய்து தங்க முலாம் பூசிய நகைகள். முலாமுக்கு முதல் பகை வியர்வை. கவரிங் வாங்க வருகிற பெண்கள் விலை கேட்பதற்கு முன் கேட்பது, "கறுக்காதுல்ல?" என்பதைத்தான். அப்படிப்பட்ட கடையில் மாலதியை எந்த இடத்தில் நிறுத்துவது? இரண்டு நாள் கவுண்டரில் நின்றாள். அவள் எடுத்துக் காட்டிய வளையலில் விரல் ரேகை ஈரமாகப் பதிந்திருந்ததைப் பார்த்து ஒருத்தி வாங்காமல் போனாள். பட்டறையில் முலாம் பூசி மெருகேற்றும் சடையப்பன்தான் ஒரு வழி சொன்னார்.

"துணியச் சுத்திக்கிட்டு எடு. பேக்கிங்ல ஒக்காந்துக்க. நான் மொதலாளிக்கிட்ட சொல்றன்."

அப்படியே நடந்தது. பஞ்சு வைத்து, நகையைத் துணியால் பிடித்து, டப்பாவில் அடுக்கி மூடுவது அவள் வேலை ஆனது. கடைக்கு மேலே மாடியில் வேலைப் பெண்களுக்கு ஓர் அறை. சாப்பாடு முதலாளி வீட்டில். தில்லைநாதனின் மனைவி பட்டம்மாள் மாலதியின் தட்டை மட்டும் தனியாக ஜன்னலில் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். "கை ஈரம், அதான்" என்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் எல்லாத் தட்டோடும்தான் அவள் தட்டும் இருந்தது. குறிஞ்சிப்பாடியில் அவள் வீடு காலனியில் இருக்கிறது என்று பட்டம்மாள் விசாரித்துத் தெரிந்துகொண்ட மறுநாள்தான் அந்த ஈரம் அவள் கண்ணில் பட்டது.

தாய்மாமன் மகன் கதிரவனுக்கு மாலதியைக் கொடுப்பதென்று பேசி முடித்திருந்தார்கள். அவன் கடலூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் வருவான். பஸ் நிலையத்தில் நின்று பேசுவார்கள். அவள் கையை அவன் பிடித்துக்கொள்வான். அவள் இழுத்துக்கொள்வாள்.

"ஈரமா இருக்குது, விடு மாமா."

"இருக்கட்டும். எங்க ப்ளாண்ட்ல இதவிட என்னென்னவோ கையில படுது. இது நல்ல தண்ணிதான."

அந்த ஒரு பேச்சுக்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று மாலதி தோழியிடம் சொன்னாள்.

2007இல் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சில நாட்கள் முன்பு, வாடிக்கையாக வரும் ஓர் அம்மாள் தன் முறுக்குச் செயினை மாதிரிக்காகக் கொடுத்துவிட்டுப் போனாள். அது அசல் தங்கம். அதே போல ஒரு கவரிங் வேண்டும், பயணத்துக்குப் போட்டுக்கொள்ள. வடிவம் நன்றாக இருக்கவே, சடையப்பனை அதே அச்சில் விற்பனைக்கும் சில செயின்கள் செய்யச் சொன்னார் தில்லைநாதன். மாதிரிக்கு வைத்த அசலும் சேர்ந்து எல்லாம் ஒரே தட்டில் மாலதியின் மேசைக்கு வந்தன. தேரன்று கடையில் நிற்க இடமில்லை. வெளியூர்க் கூட்டம். தில்லைநாதனே கவுண்டரில் நின்று, மேசையிலிருந்து தட்டுத் தட்டாக அள்ளிக்கொண்டு போய் விற்றார். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், அந்த அம்மாளின் தங்கச் செயின் இல்லை.

மீதியிருந்த செயின்களையெல்லாம் சடையப்பன் உரைகல்லில் உரசிப் பார்த்தார். எல்லாம் கவரிங்.

"கூட்டத்துல அதுவும் வித்துப் போயிருக்குங்க மொதலாளி" என்றாள் மாலதி. "நீங்க தட்டோட எடுத்துக்கிட்டுப் போனீங்களே."

தில்லைநாதனின் முகம் மாறியது. "தங்கத்துக்கும் கவரிங்குக்கும் வித்தியாசம் தெரியாம விக்கிறவனா நானு? எங்கப்பன் காலத்துலருந்து கட வச்சிருக்கறன்."

அந்த ஒரு சொல்லில் அவள் கதை முடிந்தது. கடையில் நடந்தது ஒரு தவறு என்றால் அது முதலாளியின் தவறு. முதலாளி தவறு செய்யமாட்டார் என்றால் அது திருட்டு. திருட்டு என்றால் திருடி வேண்டும்.

கதவை இறக்கிவிட்டு, வேலை செய்கிறவர்களை எல்லாம் பின்கட்டில் வரிசையாக நிற்க வைத்தார்கள். பட்டம்மாள் அடுக்களையிலிருந்து தட்டில் கல்லுப்புக் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம். எதுவும் காணாமல் போனால், அந்த வீட்டு உப்பைத் தின்றவர்கள் உப்பைக் கையில் மூடிக்கொண்டு சத்தியம் செய்யவேண்டும். பொய் சொன்னவர் கையில் உப்பு அழும் என்பாள் பட்டம்மாள்.

"நான் வேணாங்க. எனக்கு எப்பவும் வேர்க்கும், உங்களுக்கே தெரியும்" என்றாள் மாலதி.

"எடுக்கலன்னா ஏன் பயப்படுற?"

மூடினாள். சத்தியம் செய்தாள். வரிசையில் ஒவ்வொருவராகக் கையைத் திறந்தார்கள். மற்றவர்கள் கையில் உப்பு அப்படியே இருந்தது. மாலதி திறக்கும் முன்பே விரலிடுக்கில் உப்புநீர் வழிந்து தரையில் சொட்டியது. யாரோ "அடிப்பாவி" என்றார்கள். இரண்டு ஆண்டுகளாக அவள் கை ஈரத்தைக் கேலி செய்தவர்கள், அந்தக் கையில் நகை கறுக்கும் என்று துணி சுற்றிவிட்டவர்கள், தட்டைத் தனியாகக் கவிழ்த்தவர்கள், எல்லோரும் அந்த ஈரத்தை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பையைக் கொட்டிப் பார்த்தார்கள், உடுப்பைச் சோதித்தார்கள். எதுவும் இல்லை. இல்லாததும் அவளுக்கு எதிராகவே போனது. வெளியே ஆள் வைத்துக் கடத்திவிட்டாளாம். தில்லைநாதன் போலீசுக்குப் போகவில்லை. "பொம்பளப் புள்ள, பொழச்சிப் போவட்டும்" என்றார். அதை அவருடைய பெருந்தன்மை என்று கடைத்தெரு பேசியது. வழக்கு இருந்திருந்தால் ஒருநாள் விடுதலை என்று ஒரு சொல்லாவது கிடைத்திருக்கும். பெருந்தன்மைக்கு மேல்முறையீடு கிடையாது.

செய்தி அவளுக்கு முன்பே குறிஞ்சிப்பாடிக்குப் போய்விட்டது. மங்கலம் முதலில் கடைக்காரனைத் திட்டினாள். பிறகு சமையல் செய்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எடுத்தியாடி? எடுத்திருந்தா சொல்லு. அடிக்கமாட்டன். குடுத்துட்டு வந்துருலாம்."

"எடுக்கலம்மா."

"சரி" என்றாள் மங்கலம். அந்தச் சரியில் நம்பிக்கை எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்று மாலதியால் பிரித்தறிய முடியவில்லை.

கதிரவன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"எங்க வீட்ல கேக்குறாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்?"

"எடுக்கலன்னு சொல்லு மாமா."

"அது சரி. எல்லாரு கையும் காஞ்சி இருந்துச்சாமே. ஒனக்கு மட்டும் ஏன் அப்பிடி ஊத்துச்சி?"

"ஒனக்குத் தெரியாதா? நீ புடிச்ச கைதான இது?"

"தெரியும். எப்பவும் வேர்க்கும். ஆனா அன்னிக்கி ஜாஸ்தியா வேர்த்துச்சாமே."

அவன் அடுத்த ஆண்டு நெய்வேலிப் பக்கம் பெண் கட்டினான்.

ஊரில் இருக்க முடியவில்லை. கடலூர் முதுநகரில் ஓர் இறால் கம்பெனியில் மாலதிக்கு வேலை கிடைத்தது. தாயும் மகளும் அங்கேயே ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். பனிக்கட்டி நீரில் கிடக்கும் இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரிக்கும் வேலை. அங்கே எல்லோருக்கும் கை ஈரம். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாற்றத்துக்கு நடுவே தனக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்று அவள் பின்னாளில் சொல்வாள்.

ஆனால் ரப்பர் கையுறைக்குள் வடியாமல் நின்ற வியர்வையில் ஊறி ஊறித் தோல் வெந்தது. 2009இல் விரலிடுக்கெல்லாம் புண். மஞ்சக்குப்பத்தில் தோல் நோய் பார்த்துவந்த டாக்டர் ரேகாவிடம் போனாள். அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, காத்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை மறுபடியும் மினுமினுத்தது.

"எத்தன வயசுலருந்து இப்படி?"

"நெனவு தெரிஞ்ச நாள்லருந்து."

"ரெண்டு கையும் ஒண்ணாவா? பாதமும்?"

"ஆமாங்க. செருப்பு வழுக்கும்."

"தூங்கும்போது?"

"தூங்கும்போது எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "வீட்ல யாரையாவது பாக்கச் சொல்லுங்க. குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சான்னும் கேட்டுட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் மாலதி சொன்னாள். "நான் தூங்கும்போது கை வேர்க்குதான்னு பாக்கணுமாம்மா. டாக்டரு கேக்குறாங்க."

"வேர்க்காது" என்றாள் மங்கலம் உடனே.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

மங்கலம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாலதி மறுபடி கேட்டாள். மங்கலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். கடையிலிருந்து துரத்திவிட்ட அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாலதி அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் கையில் கல்லுப்பை வைத்து விரல்களை மடக்கிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். வெகுநேரம் கழித்துத் திறந்து பார்த்தால் உப்பு வைத்தது வைத்தபடி இருந்தது.

"தூங்குனா காஞ்சி கெடக்குது. முழிச்சா ஊத்துது. அப்ப மனசுலதான் ஏதோ இருக்குதுன்னு நெனச்சிட்டன்டி."

"ரெண்டு வருசமா நெனச்சிக்கிட்டுதான் இருந்தியா?"

மங்கலம் தலையை ஆட்டினாள். மாலதி அன்று சாப்பிடவில்லை. மங்கலமும் சாப்பிடவில்லை.

டாக்டரிடம் இருவரும் போனார்கள். தூக்கத்தில் நின்றுவிடுகிறது என்றதும் ரேகா மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "அதேதான். அதுதான் இந்த நோயோட அடையாளமே. வேற நோயால வர்ற வேர்வ பல சமயம் தூக்கத்துலயும் வரும். இது வராது. இதுக்குப் பேரு ஹைப்பர்ஹைட்ரோசிஸ். அதிவியர்வைன்னு சொல்லலாம். சூட்டத் தணிக்கச் சொல்லி வேர்வைச் சுரப்பிக்கு நரம்பு வழியாச் சேதி போவும். இவங்களுக்கு அந்தச் சேதி தேவையில்லாமலே போய்க்கிட்டிருக்கு. பயத்தால வந்த நோய் இல்ல. பயந்தா ஜாஸ்தியாவும், அவ்வளவுதான். நூறு பேர எடுத்தா ரெண்டு மூணு பேருக்காவது ஏதோ ஒரு எடத்துல இருக்கும். பரம்பரையாவும் வரும். இவங்கப்பாவுக்கு இருந்துச்சா?"

மங்கலம் யோசித்தாள். "மம்புட்டி எடுக்கறதுக்கு முன்னாடி மண்ண அள்ளிக் கையில தேச்சிக்குவாரு. புடி வழுக்கும்பாரு. ஒழைக்கிறவன் கைதான, வேர்க்குதுன்னு நெனச்சன்."

மண்வெட்டி பிடித்தவன் கையில் அது உழைப்பு. முதலாளி வீட்டில் நின்ற பெண் கையில் அது திருட்டு. சுரப்பி ஒன்றுதான்.

இரவில் கையை நன்றாக உலரவிட்டுத் தடவும் மருந்து ஒன்றைக் கொடுத்தார் ரேகா. கையைத் தண்ணீரில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறை உண்டு என்றார். நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு, ஆனால் கையில் நின்ற வியர்வை முதுகிலும் வயிற்றிலும் கிளம்பக்கூடும் என்பதால் அவசரப்பட வேண்டாம் என்றார். மாலதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தன் நோய் இன்னது என்று எழுதித் தரச் சொன்னாள். "சிதம்பரத்துல ஒருத்தருக்குக் காட்டணும்."

கடையில் தில்லைநாதன் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நோய்தான். நான் இல்லன்னு சொல்லல. பாவம். ஆனா நோய் இருக்கறவங்க எடுக்கமாட்டாங்கன்னு இதுல எழுதலையே."

அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது. வியர்வை திருட்டுக்குச் சாட்சி ஆகலாம், நோய் நேர்மைக்குச் சாட்சி ஆகாது. தர்க்கமும் அந்த ஊரில் கடை வைத்திருப்பவருக்குத்தான் வேலை செய்தது.

திரும்பும் பஸ்ஸில் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புதுச்சத்திரம் தாண்டும்போது மங்கலம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்தச் செயினு எங்கதான்டி போச்சி?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி மங்கலத்தை விட்டுப் போகவில்லை. மறு ஆண்டு மழைக்காலத்தில் மூச்சுத்திணறலில் படுத்தாள். இறப்பதற்கு முந்தின நாள் மகளின் கையைத் தன் கறுத்த கைகளுக்குள் வைத்துத் தடவினாள். மருந்தால் அந்தக் கை ஓரளவு காய்ந்திருந்தது. "இப்பப் பரவால்லடி" என்றாள். கையைச் சொன்னாளா, வேறெதையாவது சொன்னாளா என்று மாலதிக்கு விளங்கவில்லை.

2011 கடைசியில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, கிள்ளைப் பக்கத்திலிருந்து மாரியம்மாள் என்ற பெண் தில்லைநாதனின் கடைக்கு வந்தாள். கழுத்தில் ஒரு முறுக்குச் செயின்.

"தேரு அன்னிக்கி ஒங்கக்கிட்ட வாங்குனதுங்க. அஞ்சு வருசம் ஆவப்போவுது. புயல்ல ரெண்டு நாளு தண்ணியிலயே கெடந்தம். எங்க ஊட்ல எல்லா கவரிங்கும் கன்னங்கரேல்னு ஆயிடுச்சி. இது பாருங்க, அப்பிடியே மின்னுது. இதே மாதிரி எம்பொண்ணுக்கும் ஒண்ணு குடுங்க. வேற கடையில போயி ஏமாற மாட்டன்."

தில்லைநாதன் செயினை வாங்கிப் பார்த்தார். பட்டறைக்குள் கொண்டுவந்து சடையப்பனிடம் கொடுத்தார். சடையப்பன் உரசினார். கல்லில் விழுந்த கோட்டை இருவரும் பார்த்தார்கள்.

தில்லைநாதன் வெளியே போய்ச் சிரித்த முகத்தோடு பேசினார். "இது பழைய மாடலும்மா. இதக் குடுத்துட்டுப் புதுசா ரெண்டு எடுத்துக்க. ஒனக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு." மாரியம்மாள் வாழ்த்திவிட்டுப் போனாள்.

"மொதலாளி, மாலதிக்கிட்ட சொல்லணுமே" என்றார் சடையப்பன்.

"என்னான்னு சொல்றது? நானே தங்கத்தக் கவரிங்குனு வித்துட்டன்னா? கடப் பேரு என்னாவும்? அந்தம்மாவுக்கு நான் அப்பவே புதுசா செஞ்சி குடுத்துட்டன். இது என் நகைதான. அந்தப் பொண்ணும் எங்கியோ நல்லாத்தான இருக்குது."

சடையப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு விடுமுறை நாளில் முதுநகருக்கு வந்து மாலதியைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "என் பேரச் சொல்லிடாதம்மா. இந்த வயசுல வேற வேல தெரியாது" என்றார்.

"எங்கம்மா செத்துப்போச்சிண்ணே" என்றாள் மாலதி.

"தெரியாதும்மா. இப்ப அவுங்க ஆத்மா சாந்தியாயிரும். மேலருந்து கேட்டுக்கிட்டுதான் இருப்பாங்க."

"கேக்காதுண்ணே. செத்தவங்களுக்குக் காது கெடையாது. உசுரோட இருக்கும்போது சொல்லியிருக்கணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சிதம்பரம் போனாள். மளிகைக் கடையில் கல்லுப்பு வாங்கினாள். கவரிங் கடையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். தில்லைநாதனும் பட்டம்மாளும் கல்லாவில் இருந்தார்கள். மாலதி உப்பைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"மொதலாளி, ஒரு தடவ இதக் கையில புடிச்சிக்கிட்டு, அந்தச் செயினு எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. அதுக்கப்பறம் இந்தக் கட வாசப்படி மிதிக்கமாட்டன்."

பட்டறை வாசலில் நின்ற சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் பார்த்தது. "புடிங்களேன், நமக்கென்ன பயம்" என்றாள் பட்டம்மாள்.

தில்லைநாதன் தயங்கவே இல்லை. ஒரு பிடி எடுத்து மூடினார். "எனக்குத் தெரியாது. இந்த உப்பு மேல சத்தியம்" என்றார். கையைத் திறந்தார். உப்பு மணி மணியாக, காய்ந்து கிடந்தது.

"பாத்துக்கிட்டியா?" என்றாள் பட்டம்மாள்.

"பாத்துட்டம்மா."

அந்த உப்பில் தில்லைநாதனுக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை என்பது மாலதிக்கு அப்போதுதான் தெரிந்தது. நம்பிக்கை இருந்தவர் அப்படிச் சட்டென்று எடுத்திருக்கமாட்டார். அது வரிசையில் நிற்பவர்களுக்காக வைத்த உப்பு. அவள் அவர் உள்ளங்கையிலிருந்து அதை வழித்துத் தன் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூடிய விரல்களுக்குள் உப்பு கரைந்து, இடுக்கு வழியாகப் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்போது, "மொதலாளிக்கிட்டதாம்மா இருக்குது" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "என்னாம்மா சொன்ன?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் மாலதி.